பெருமந்தமும் ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் தொழில்நிலையும்

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் ஆஸ்திரேலியாவின் கம்பளி, கோதுமை விலைகளை வீழ்த்தியது. நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் ஆட்டு மயிர் கத்தரித்தல், வேலியடைத்தல் முதலியவற்றால் கூலி பெற்று வாழ்ந்த தொல்குடியினர் வேலை இழந்தனர். வெள்ளையருள்ளும் வேலை இழந்தோர் மிகப் பலர். வேறுபாடு அதற்குப் பின்னரே தோன்றுகின்றது.

வேலையற்றோர்க்கு அரசு அளித்த உதவியை நாடிய தொல்குடியினர் பலர், தொழிலாளராகக் கொள்ளப்படாது, தொல்குடியினர் பாதுகாப்பு வாரியத்திற்குத் திருப்பி விடப்பட்டனர். வாரியம் அளந்த உணவுப் பங்கோ அவ்வுதவியினும் குறைந்தது. அதனைப் பெறும்பொருட்டு ஒதுக்கிடங்களிற் சென்று ஒடுங்கினோரும் பலர். கூலியை மட்டுமன்றி, வேலையிழந்தோர் என்னும் பெயரையும் அவர் இழந்தனர் என்க. ‘பாதுகாப்பு’ என்னும் சொல் ஈண்டு எய்திய பொருள், சொல்லாராய்ச்சியாளர் நோக்கற்பாலது.

மந்தம் தணியத் தொடங்கிய பின்னரும் தளை தளரவில்லை. 1936-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், நீதிமன்ற ஆணையால் அவர்களை ஒதுக்கிடத்தில் நிறுத்தவும் வழி செய்தது. 1938 சனவரி 26-இல் சிட்னியில் துக்க நாள் கடைப்பிடித்தோர் முழுக் குடியுரிமை வேண்டினர். 1939 பிப்ரவரியில் கம்மெரகுன்ஜா ஒதுக்கிடத்தினின்று ஏறத்தாழ 200 பேர் வெளியேறி, மர்ரே ஆற்றைக் கடந்து விக்டோரியா மாநிலம் புக்கனர். அவருட் பலர் மீளவில்லை. ஷெப்பர்ட்டன் பகுதிப் பழத்தோட்டங்களிற் கூலி வேலை தேடிக்கொண்டனர்.