புகைக்குச் சாட்சி யார்?



தீயணைப்பு வீரனுக்கு நேரும் கேடு இருவகைப்படும். சுவர் இடிந்து விழுகிறது, ஏணி முறிகிறது, கூரை உள்வாங்குகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் கேடுகள். இவற்றுக்கு ஊரே சாட்சி. மற்றொரு கேடு உண்டு. இன்று சுவாசித்த புகை இருபது ஆண்டுகள் கழித்து, பேரக் குழந்தைகளோடு விளையாடிக்கொண்டிருக்கும் வயதில், நோயாக வெளிப்படுகிறது. "இந்த நோய் அந்தப் புகையால்தான் வந்தது" என்று சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒரு வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

இது அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்தது. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டசபை உண்டு. தீயணைப்புப் படையினருக்குச் சம்பளம் கொடுப்பது நகராட்சி. ஆனால் அவர்களுடைய ஓய்வூதியத்தை வரையறுப்பது பெரும்பாலும் மாநிலச் சட்டம். ஆகவே நலன் வேண்டிய வீரர்கள் நகர மண்டபத்தோடு நில்லாமல் சட்டசபையின் கதவையும் தட்ட வேண்டியிருந்தது. பல மாநிலங்களின் கதையைக் கலந்து சொன்னால் குழப்பமாகும். நியூயார்க்கையே முதன்மையாகக் கொள்கிறேன்.

1865 வரை நியூயார்க் நகரில் தீயணைத்தவர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். அவர்களுக்கு அரசு அளித்த கைம்மாறு பணமன்று, விலக்கு. இத்தனை ஆண்டுகள் தொண்டு செய்தவன் ஜூரியாக அமர வேண்டியதில்லை. மாநிலப் படையில் சேர வேண்டியதில்லை. "விலக்குப் பெற்றவர்" என்பதை அவர்கள் ஒரு பட்டம் போலவே பாராட்டினார்கள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், மத்திய அரசு கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தபோது இந்த விலக்கு செல்லாமற் போயிற்று. ஜூலை 13ஆம் நாள், 33ஆம் எண் எஞ்சின் குழுவினர் கோபம் தாங்காமல், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அலுவலகத்தைத் தாக்கினார்கள், கட்டடம் எரிந்தது. தீயை அணைக்க வேண்டியவர்கள் தீ மூட்டக் காரணமானார்கள்! அன்று மூண்ட கலகம் நகரத்தைப் பல நாட்கள் ஆட்டிப்படைத்தது. கறுப்பின மக்கள் பலர் அதில் கொடுமையாகக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆயினும், வாக்களித்த சலுகை பறிபோகும்போது எவ்வளவு வெறுப்பு மூளும் என்பதையும் வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஈராண்டுகளில் சட்டசபை தொண்டர் குழுக்களை அகற்றிச் சம்பளப் படையை அமைத்தது. சம்பளம் வந்தவுடன் முதுமைக்கு என்ன வழி, விதவைக்கு என்ன வழி என்ற கேள்விகளும் வந்தன. படிப்படியாக ஓய்வூதியம் ஏற்பட்டது. 1938இல் திருத்தப்பட்ட மாநில அரசியலமைப்பு ஓர் அரிய காரியத்தைச் செய்தது. அரசு ஊழியரின் ஓய்வூதிய உரிமை ஓர் ஒப்பந்தம். அதைப் பின்னர் குறைக்கலாகாது என்று அது விதித்தது. பணியில் இருப்பவனிடமிருந்து சட்டசபையாலும் எடுக்க முடியாது. சிக்கனம் வேண்டுமானால் புதிதாகச் சேர்பவனிடம்தான் கைவைக்க முடியும். பின்னாளில் அதுதான் நடந்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். வழக்கமான விதிப்படி, நியூயார்க் நகரத்தில் சாதாரண நோயால் வேலைசெய்ய இயலாமற் போன வீரனுக்குச் சம்பளத்தில் பாதி. பணியில் நேர்ந்த விபத்தால் இயலாமற் போனவனுக்கு முக்கால் பங்கு. பாதிக்கும் முக்காலுக்கும் இடையே நிற்பது, "பணியால் வந்ததா?" என்ற ஒரே வினா. அதை நிரூபிக்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் இருந்தது. எந்த இரவில், எந்தக் கட்டடத்தின் புகை தன் இதயத்தைக் கெடுத்தது என்று ஒருவன் எப்படிக் காட்டுவான்?

இந்த முடிச்சை அவிழ்க்க மாநிலங்கள் கண்ட வழி, சட்ட அனுமானம். அண்டை மாநிலமான மாசசூசெட்ஸ் 1950இல் இயற்றிய சட்டம் இதற்கு நல்ல உதாரணம். பணியில் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு எதுவும் தென்படாதவனுக்குப் பின்னர் இதய நோயோ இரத்தக் கொதிப்போ வந்து அவன் இயலாமற் போனால், அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். அன்று என்பவர்தாம் தக்க சான்று காட்ட வேண்டும். புதிய நிதி எதையும் இச்சட்டம் தோற்றுவிக்கவில்லை. நிரூபிக்கும் சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றியது, அவ்வளவே. ஆனால் நோயாளியின் குடும்பத்துக்கு அதுவே எல்லாம்.

நகராட்சிகள் முணுமுணுத்தன. இதய நோய் யாருக்கும் வரும்; புகைபிடிப்பவனுக்கும் வரும்; அத்தனைக்கும் வரி கொடுப்பவன் பொறுப்பாளியா என்று கேட்டார்கள். இந்த வாதம் அற்பமானதன்று. தகுதியற்ற சிலரும் பயன் பெறக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் நான் சட்டத்தின் பக்கமே நிற்பேன். தவறு நேர்வதானால், அது நோயாளியைக் கைவிடும் தவறாக இருக்கலாகாது.

பின்னர் புற்றுநோயின் முறை வந்தது. 1982இல் கலிபோர்னியா அதற்கும் அனுமானச் சட்டம் இயற்றியது. அறிவியல் பின்னால் நடந்து வந்து சேர்ந்தது. சிகாகோ, பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நகரங்களின் சுமார் 30,000 வீரர்களை ஆராய்ந்து 2013இல் வெளியான அறிக்கை, அவர்களிடையே புற்றுநோய் மரணம் பொதுமக்களைவிட 14 விழுக்காடு மிகுதி என்று கண்டது. 2022இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது.

நியூயார்க்குக்கு இந்த உண்மை வேறு விதமாகப் புலப்பட்டது. 2001 செப்டம்பர் 11இல் உலக வர்த்தக மையம் இடிந்தபோது அந்நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் மாதக்கணக்கில் அந்தத் தூசியில் நின்று உடல்களைத் தேடினார்கள். 2005இல் சட்டசபை, அங்கே பணிபுரிந்தவர்களுக்கு வரும் குறிப்பிட்ட நோய்களைப் பணியால் வந்தவையென அனுமானிக்கச் சட்டம் செய்தது. 2006இல் அதை மரணத்துக்கும் நீட்டிக் குடும்பங்களைக் காத்தது. இச்சட்டங்கள் எவ்வளவு தேவையானவை என்பதைப் பிற்காலக் கணக்கு காட்டிற்று. 2023 செப்டம்பரில், அந்தத் தூசியின் நோய்களால் பின்னர் இறந்த துறையினரின் தொகையும் 343 ஆயிற்று. அதன்பின் அதையும் கடந்துவிட்டது.

இதற்கிடையே 2009க்குப் பின் சேர்ந்த இளைஞர்களுக்கு, நான் முன்னர் சொன்னபடியே, இயலாமை ஊதியம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஒரே வண்டியில் ஏறி, ஒரே தீயில் இறங்கும் இருவருக்கு இரு வேறு நியாயம்! 2016இல் சட்டசபை அதைப் பெருமளவு சரிசெய்தது.

தொண்டர்களை மறந்துவிட்டோமா? சிற்றூர்களில் இன்றும் தீயணைப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. எரியும் கட்டடத்தினுள் புகுந்து ஐந்தாண்டுகளேனும் பணிசெய்தவர்களுக்குப் புற்றுநோய் வந்தால் உதவித்தொகை தரும் நியூயார்க் மாநிலச் சட்டம் 2019 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் நிபந்தனை அந்தப் பழைய நிபந்தனைதான்: படையில் சேர்ந்த நாளில் நடந்த பரிசோதனையில் நோயின் அறிகுறி இருந்திருக்கக் கூடாது.