ஆடும் கால்கள் – 9: திருக்கைவால்

ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்குக் கைதிகள் அனுப்பப்பட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ரியோ டி ஜெனிரோவின் காவல்துறைத் தலைவர் சம்பாயோ ஃபெர்ராஸ் கபோயிரா என்ற பிரேசிலியச் சண்டை ஆட்டத்தை ஆடியவர்களைத் தேடித் தேடிப் பிடித்து அந்தத் தீவுக்கு அனுப்பினார். 1890 அக்டோபரில் புதிய தண்டனைச் சட்டம் வந்தது. தெருவிலும் பொதுவெளியிலும் கபோயிரா ஆடினால் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை என்றது அதன் 402-வது பிரிவு. அடிமை முறை ஒழிந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. விலங்கு கழன்ற கால்களுக்கு, ஆடியதற்காக மறுபடியும் விலங்கு.

இனி கபோயிரா தலையெடுக்காது என்றே பலரும் நினைத்தார்கள்.

1909. அதே ரியோ நகரம். பழைய வீடுகளை இடித்துப் போட்ட அவெனிடா சென்ட்ரல் என்ற புத்தம்புதுப் பெருவீதி. அங்கே ஒரு கேளிக்கை அரங்கில் மேடை ஏறி நிற்கிறார் ஜப்பானிய ஜூஜுட்சு வீரர் சாதா மியாகோ. அவரை எதிர்க்க வந்தவர் பிரான்சிஸ்கோ டா சில்வா சிரியாகோ. கறுப்பினத்தவர், மூட்டை சுமந்து பிழைத்தவர், தெருவில் கபோயிரா கற்றவர்.

ஜூஜுட்சுக்காரருக்குப் பிடி வேண்டும். கை, கழுத்து, சட்டை என்று ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். சிரியாகோ அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. அவருடைய கால் சுழன்று வந்து மியாகோவின் தலையில் இறங்கியது. போட்டி முடிந்தது.

அந்த உதைக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘திருக்கைவால்’. கடலில் திருக்கைமீன் வாலைச் சுழற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஆடுபவர் திடீரென்று குனிவார். கைகள் தரையைத் தொடும். தலை கீழே போய்விட்டது, ஆள் தடுமாறிவிட்டான் என்று எதிராளி நினைக்கும் நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து குதிகால் வந்துசேரும்.

ரியோ கொண்டாடியது. ஆனால் 402-வது பிரிவு சட்டப் புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது. அரங்குக்குள் கைதட்டல் வாங்கிய அதே உதையைத் தெருவில் காட்டியிருந்தால் சிரியாகோவுக்குக் கிடைத்திருப்பது சிறை.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து என்னை விடாமல் துரத்துகிற கேள்வி ஒன்று உண்டு. கபோயிரா சண்டையா, ஆட்டமா? பாட்டும் தாளமும் குட்டிக்கரணமுமாக இருக்கும் ஒன்று உண்மையான அடிதடியில் உதவுமா? சிரியாகோவின் வெற்றியைக் காட்டி, ‘உதவும்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு போட்டியை வைத்து ஒரு கலைக்குத் தீர்ப்பு எழுதுவது சரியல்ல. கட்டிப்பிடித்துத் தரையில் உருட்டிவிட்டால் கபோயிராக்காரரின் பாடு திண்டாட்டம்தான். அவருடைய பலமெல்லாம் இருவருக்கும் நடுவே இருக்கும் அந்த நாலைந்து அடி இடைவெளியில் இருக்கிறது.

அதை உணர ஜிங்காவைப் பார்க்க வேண்டும். ஜிங்கா என்பது அடிப்படை அசைவு. வலது கால் பின்னே போகிறது. வலது கை முகத்துக்கு முன்னே வருகிறது. உடம்பு தாழ்ந்து எழுகிறது. இப்போது இடது கால் பின்னே, இடது கை முன்னே. ஊஞ்சல் போல இது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நிலையாக நிற்காதவனைக் குறிபார்ப்பது கடினம். அதைவிட முக்கியம், அடி எப்போது கிளம்பும் என்று கண்டுபிடிப்பது. மற்ற கலைகளில் அடிப்பதற்கு முன் தோளோ இடுப்போ காட்டிக்கொடுத்துவிடும். இங்கே தோளும் இடுப்பும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கின்றன. எந்த அசைவு வெறும் அசைவு, எந்த அசைவு உதையின் தொடக்கம்?

இன்னொன்று, எதிராளியின் உதையைத் தடுக்க மாட்டார்கள். அதற்கு அடியில் புகுந்துவிடுவார்கள். உதைப்பவன் ஒற்றைக் காலில் நிற்கிற அந்தக் கணத்தில், நிற்கும் காலை வாரிவிடுவார்கள். நாம் வஞ்சகத்துக்குச் சொல்கிற ‘காலை வாரிவிடுதல்’, கபோயிரா ஆடும் வட்டத்துக்குள் உச்சமான பாராட்டைப் பெறும் வித்தை. நெஞ்சில் பாதத்தை வைத்துத் தள்ளும் உதைக்கு ‘ஆசீர்வாதம்’ என்று பெயர். சூது இந்தக் கலையின் உயிர்.

சண்டையை எஜமானர்களிடமிருந்து மறைக்கவே அடிமைகள் அதை ஆட்டமாக மாற்றினார்கள் என்று ஒரு கதை உலகமெங்கும் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஜெர்மானிய ஓவியர் ருகேந்தாஸ் 1835-ல் வெளியிட்ட படத்தில் இரண்டு பேர் மோதுகிறார்கள், ஒருவர் பறை தட்டுகிறார், சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். ஓவியர் தந்த தலைப்பிலேயே ‘போர் நடனம்’ என்ற சொல் இருக்கிறது. வந்து பார்த்த ஐரோப்பியருக்கே அது சண்டை என்று தெரிந்திருக்கிறது. ஆடுவதையும் அடிப்பதையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்காத ஆப்பிரிக்க மரபிலிருந்து வந்த மக்கள் தாளத்தைப் போர்வையாகப் போர்த்தியிருக்க வேண்டியதில்லை. அது முதலிலிருந்தே அவர்கள் கூட இருந்தது.

மறைக்க வேண்டிய அவசியம் பிற்பாடு வந்தது. வடக்கே, பாஹியாவின் சால்வடோர் நகரத்தில் பெரிம்பாவ் என்ற இசைக்கருவி காவல்காரனாக வேலை செய்தது. வில்லைப் போல வளைந்த கோல், ஒற்றைக் கம்பி, அடியில் ஒரு சுரைக்குடுக்கை. ஒரு கையில் கம்பியைத் தட்டும் குச்சி, மறு கையில் கம்பியை அழுத்தும் காசு. இதில் ‘கவலாரியா’ என்றொரு தாளம் உண்டு: குதிரைக் குளம்பொலி. அது கேட்டால் குதிரைப் போலீஸ் வருகிறது என்று அர்த்தம். வட்டம் கலைந்துவிடும்.

அந்த சால்வடோரில்தான் மனுவேல் டோஸ் ரெய்ஸ் மச்சாடோ வளர்ந்தார். ஊர் வைத்த பெயர் பிம்பா. அவருடைய தந்தை, காலால் ஆளைச் சாய்க்கும் பட்டூக்கி என்ற பழைய மோதல் ஆட்டத்தில் பேர்போனவர். மகனுக்கோ ‘மூன்றடி’ என்று ஒரு பட்டம். அவர் கையால் மூன்று அடிக்கு மேல் தாங்கியவர் இல்லையாம்.

கபோயிரா வேடிக்கைக் காட்சியாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது என்ற வருத்தம் பிம்பாவுக்கு இருந்தது. தந்தையின் பட்டூக்கியிலிருந்தும் உத்திகளை எடுத்துச் சேர்த்தார். 1932-ல் பள்ளி தொடங்கினார். கபோயிரா என்ற பெயரே ஆபத்து என்பதால், கற்றுக்கொடுப்பதை ‘பாஹியாவின் வட்டாரச் சண்டை’ என்று அழைத்தார். புதிய மாணவனின் இரண்டு கைகளையும் தன் கைகளால் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்து, ஜிங்காவை உடம்புக்கு உடம்பு ஏற்றிவிடுவார். தேறியவர்களுக்குப் பட்டுக் கைக்குட்டை. அந்தக் காலத்துத் தெருச் சண்டைக்காரர்கள் கழுத்தில் பட்டுத்துணி கட்டியது அழகுக்காக மட்டுமல்ல. சவரக் கத்தி பட்டில் வழுக்கும் என்பார்கள்.

1936-ல் எந்தக் கலைக்காரரும் வரலாம் என்று சவால் விட்டு சால்வடோரின் மேடையில் ஏறினார். வென்றார். பத்திரிகைகளில் அவர் பெயர் அடிபடத் தொடங்கியது. பெயர் அடிபடுவது, சட்டம் தடுத்த கலையைச் சொல்லிக்கொடுப்பவருக்கு நல்லதல்லவே.

பிம்பாவின் மாணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி இது. பாஹியாவை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் ஜுராசி மகல்யாயிஸ் என்ற ராணுவ அதிகாரி. அவருடைய மாளிகையிலிருந்து ஒரு நாள் பிம்பாவுக்கு ஆள் வந்தது. உடனே வரவேண்டும் என்று உத்தரவு.

சிறைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார் பிம்பா. ஒளிந்துகொள்ள இடம் இல்லாமலில்லை. ஆனாலும் மாளிகையை நோக்கி நடந்தார்.

ஆளுநர் அவரிடம் கேட்டது…

(தொடரும்)