அன்பெனும் கயிறு

தமிழிலக்கிய வரலாற்றைக் கற்பிப்போர், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வரும்போது எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் பெயரைக் கூறி, அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் ஆங்கில நூலொன்றின் தழுவல் என்று குறித்து, 'கிறித்தவக் கம்பர்' என்னும் சிறப்புப் பெயரையும் எழுதச் செய்து மேலே சென்றுவிடுவது வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆயினும், வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்து வளர்ந்த தமிழாசிரியர் ஒருவர், கிறித்தவம் பேசும் இறையன்பை எவ்வாறு உணர்ந்துகொண்டார், உணர்ந்தபின் அதற்கு என்ன மறுமொழி தந்தார் என்னும் வினாவுக்கு அக்குறிப்புகள் விடை தருவதில்லை.

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். இளமையிலேயே தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்த அவர், 1853இல் சாயர்புரத்தில் கிறித்தவத் திருச்சபையார் நடத்திய கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். மறைபரப்புவோர் தம் கல்விக்கூடத்திற்கு வைணவப் புலவர் ஒருவரை அமர்த்தியது இன்று சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். அன்று மரபுவழித் தமிழ்ப் புலமை எங்கே இருந்ததோ அங்கேதான் ஆசிரியரைத் தேட வேண்டியிருந்தது. இடையன்குடியில் தங்கிப் பணியாற்றிய கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலை 1856இல் வெளியிட்டதும் அக்காலச் சூழலிலேயேயாம்.

ஐந்தாண்டுகள் சென்றபின், 1858இல், கிருஷ்ண பிள்ளை சென்னையில் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. அந்நாளில் உயர்குடியில் பிறந்த ஒருவர் சமயம் மாறுவதென்றால் வழிபாடு மட்டும் மாறுவதில்லை. பந்தியும் மணத்தொடர்பும் ஊரார் தரும் மதிப்பும் ஒருங்கே ஐயத்துக்கு உள்ளாகும். இவ்வளவையும் எதிர்கொள்ளத் துணிந்த ஒருவர், எதைக் கண்டு துணிந்தார்?

இறைவனிடத்தில் அன்பு செலுத்துவது அவருக்குப் புதியதன்று. நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூரும் மதுரகவியார் பிறந்த திருக்கோளூரும் அதே தாமிரபரணிக் கரையில் உள்ளவை. இறையருள் முந்தி வரும் என்னும் கொள்கையும் வைணவத்துக்கு அயலானதன்று. பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல் இறைவனே உயிரைத் தாங்கிச் செல்வான் என்பது தென்கலையார் துணிபு. ஆதலின், அருள் என்பதையே அறியாதிருந்த ஒருவருக்குக் கிறித்தவம் அதனை அறிவித்தது எனக் கூறுவது வரலாறாகாது. கிறித்தவம் அவர்முன் வைத்தது ஒரு நிகழ்ச்சி. உரோமைப் பேரரசின் ஆளுநனாகிய பிலாத்துவின் காலத்தில், எருசலேமில், இறைமகன் தம்மைப் பகைத்தவர்களின் கையில் அகப்பட்டு, அவர்களுக்காகவே உயிர் விட்டார் என்பதே அந்நிகழ்ச்சி. நல்லவர்மீது கொள்ளும் அன்பு எளிது. அடியவர்மீது கொள்ளும் அன்பும் இயல்பே. பகைவர் திருந்துமுன்னரே அவர்மீது கொண்ட அன்பு என்பதுதான் கிறித்தவ நெறியின் உயிர்நாடி. மனிதன் காட்டும் அன்பு அதற்கு விலையாகக் கொடுக்கப்படுவதில்லை. அதைக் கண்டபின் உள்ளத்தில் பிறக்கும் எதிரொலியாகவே அந்நெறி அதனைக் கருதுகிறது.

இனி நூலுக்கு வருவோம். இரட்சணிய யாத்திரிகத்தின் முதல்நூல், இங்கிலாந்தில் ஜான் பனியன் எழுதி 1678இல் வெளிவந்த 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' என்னும் உரைநடை உருவகக் கதை. பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்க்கும் தொழிலாளியாக இருந்தவர். அரசுத் திருச்சபையின் இசைவின்றிச் சமயம் போதித்தமைக்காகப் பெட்போர்டுச் சிறையில் 1660 முதல் 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தவர். அவர் கதையில் வரும் பயணி, முதுகில் பாவச்சுமையுடன் அழிவுக்குரிய நகரை விட்டு விண்ணக நகரை நாடி ஓடுகின்றான். சிலுவையைக் கண்ட அளவில் சுமை கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுந்து மறைகின்றது. அங்கே அவன் கண்ணீர் பெருக நிற்கின்றான். ஆயினும் அக்காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகின்றது. பயணம் தொடர வேண்டும் என்பதே பனியனின் விரைவு.

கிருஷ்ண பிள்ளைக்கு அந்த விரைவு இல்லை. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக விரியும் தம் காப்பியத்தில், குமார பருவத்தினுள் இரட்சணிய சரிதப் படலம் என ஒரு படலத்தை அமைத்து, இயேசு பெருமான் பட்ட பாடுகளை நின்று நிதானமாகப் பாடுகின்றார். ஆங்கில நூலார் கிறித்தவ நாட்டில் வாழ்ந்தவர். சிலுவை என்று சொன்னாலே வரலாறு முழுவதும் படிப்போர் உள்ளத்தில் எழும். தமிழ்ப் புலவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அன்பு இன்னதென்று காட்டாமல் அன்புக்கு மறுமொழி கேட்பது எங்ஙனம்?

அப்படலத்தில் ஓரிடம். பகைவர் இறைமகனைக் கயிற்றால் கட்டுகின்றனர். அவர் எதிர்ப்பேதும் காட்டாமல் அமைந்து நிற்கின்றார். கயிற்றின் வலிமையாலன்று, மாந்தர்மீது கொண்ட அன்பு என்னும் உறுதியான கட்டினின்றும் விடுபட இயலாமையாலேயே அவர் அங்ஙனம் நின்றார் என்கிறார் புலவர். தம்மைப் பழித்தவர் இச்செயலால் முடிவில்லாத வேதனைக்கு ஆளாவரே என்று இரங்கினாரன்றித் தம் துன்பத்தை அவர் எண்ணவில்லை என்றும் பாடுகின்றார். இப்பகுதியைக் கற்பிப்போர் பலர் சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் கூறி அமைந்துவிடுகின்றனர். அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை.

யசோதை தாம்புக் கயிற்றால் உரலோடு பிணிக்க, எல்லாம் வல்ல கண்ணன் கட்டுண்டு கிடந்தமை வைணவர் உள்ளத்தை என்றும் உருக்கிய காட்சி. மதுரகவியாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பு அக்கயிற்றையே தன் பெயராகக் கொண்டது. கட்டுண்ண வேண்டாதவன் அன்பினால் கட்டுண்டான் என்னும் அவ்வுணர்வு, இளமையிலேயே கிருஷ்ண பிள்ளையின் செவியில் விழுந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. புதிய நெறியைப் புரிந்துகொள்ளப் பழைய நெறி தந்த கண்ணே அவருக்கு உதவியது எனலாம். ஆனால் அங்கே கட்டியவள் தாய். இங்கே கட்டியவர் கொலைஞர். அவர் கண்ட புதுமை இவ்வேறுபாட்டில்தான் உள்ளது.

அக்கொடுமையைக் கண்டோர் அழுகின்றனர். பூமி இன்னும் வெடிக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என அரற்றுகின்றனர். அவர்கள் கேட்பது தண்டனை. அவ்விடத்தில் தண்டனை வராமல் தடுத்து நின்றதும் அந்தக் கயிறே என்பதைப் புலவர் நம் எண்ணத்துக்கு விட்டுவிடுகின்றார்.

அவர் தந்த மறுமொழி உழைப்பாகவே அமைந்தது. பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியப் பணி செய்த காலத்தினூடே வளர்ந்த இக்காப்பியம், நற்போதகம் என்னும் திங்களிதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலுருவம் பெற்றது. பாடல்கள் 3,766. அப்போது அவருக்கு அகவை அறுபத்தேழு. காப்பியத்தின் இடையிடையே கதை ஓட்டத்தை நிறுத்தி, இறைவனை நேரே விளித்து அவர் பாடிய இசைப்பாடல்களுக்குத் தேவாரம் என்றே பெயர் சூட்டினார். கதையாக இருந்தது அவ்விடங்களில் வழிபாடாக மாறிவிடுகின்றது. பயணியின் குரலா, புலவரின் குரலா எனப் பிரித்தறிய முடிவதில்லை.

இரட்சணிய மனோகரம் 1899இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 1900 பிப்ரவரியில், அவர் காலமானார். 'சத்தாய் நிஷ்களமாய்' எனத் தொடங்கும் அவருடைய பாடலைத் தமிழ்க் கிறித்தவர் இன்றும் தம் ஆலயங்களில் பாடுகின்றனர். சத்து, நிஷ்களம் என்னும் அவ்விரு சொற்களையும் சைவ சித்தாந்தம் கற்றோர் தம் நூல்களிலும் காண்பர்.