எல்லைப்புற ஊர் வரலாறும் சான்றுப் பொறுப்பும்: எலப்புள்ளியை முன்வைத்து

முன்னுரை

வரலாற்றாய்வின் தகுதி அது காட்டும் சான்றுகளின் தகுதியைப் பொறுத்ததாகும். ஒரு செய்திக்குச் சான்று உண்டா என்று வினவுவதோடு ஆய்வாளர் பணி முடிந்துவிடுவதில்லை. அச்சான்று எங்கே, யாரால், எந்த நோக்கத்திற்காக உருவாக்கப்பட்டது என்பதையும் அவர் ஆராய வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லைப்புற ஊர்களைப் பொறுத்தவரை இக்கடமை மேலும் கூடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் அமைந்த எலப்புள்ளியை முன்வைத்து, இத்தகைய ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் சான்றுகளைத் தேடும் முறையையும் கையாளும் முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகள் இருக்குமிடம்

எலப்புள்ளியும் அதனை அடுத்த சித்தூரும் இன்று பாலக்காடு மாவட்டத்தில் உள்ளன. ஆயின் இவற்றின் ஆட்சி வரலாறு வேறுவேறானது. எலப்புள்ளி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பாலக்காடு வட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது சித்தூர் அப்புதிய மாநிலத்திற்குச் சென்றது. எலப்புள்ளியோ 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்திலேயே இருந்தது. பாலக்காடு தனி மாவட்டமானது 1957 ஜனவரி 1இல் ஆகும்.

இப்பிரிவு ஆவணங்களையும் பிரித்துவிட்டது. எலப்புள்ளியின் நிலவரி, நீதி, நிருவாகம் பற்றிய பதிவுகளைச் சென்னை ஆவணக் காப்பகத்திலும் கோழிக்கோடு வட்டார ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். சித்தூர் பற்றிய கொச்சி அரசுப் பதிவுகளுக்கு எர்ணாகுளம் செல்ல வேண்டும். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற மலபார், 1800 வரை பம்பாய் மாகாணத்தின் கீழ் இருந்தமையால், அக்காலச் செய்திகளுக்குப் பம்பாய் ஆவணங்களும் இன்றியமையாதன. எனவே ஒரு காப்பகத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இவ்வூர் பற்றி ஆவணம் கிடைக்கவில்லை’ என எழுதுவது முறையன்று. எந்தக் காப்பகத்தில், எந்தத் தொகுதிகளில், எந்த ஆண்டுகளுக்குத் தேடப்பட்டது என்பதைக் கூறினால்தான் அக்கூற்று ஆய்வுக் கூற்றாகும்.

மரபு வரலாறும் அச்சு நூல்களும்

கொங்குநாட்டையும் அதனை ஒட்டிய பகுதிகளையும் பற்றி எழுதுவோர் பலர் மெக்கன்சி தொகுப்பிலுள்ள ‘கொங்குதேச ராஜாக்கள்’ என்னும் சுவடியை நாடுவர். 1846இல் ஜான் டவ்சன் சேர நாட்டின் எல்லையையும் காலவரிசையையும் ஆராய்ந்தபோது இச்சுவடியைப் பெரிதும் நம்பினார். சுவடியில் கூறப்படும் அரசர்களுள் ஒரு பகுதியினர் கங்கர் மரபினர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஃப்ளீட் போன்றோர் இச்சுவடியின் நம்பகத்தன்மையையே மறுத்தனர். ஆயினும் முதலில் அச்சேறிய கருத்து நூலிலிருந்து நூலுக்குச் சென்றது. பின்வந்தோர் மூலத்தைக் காணாது முன்னோர் நூலையே சான்றாக்கியதே இதற்குக் காரணமாகும். பத்து நூல்கள் ஒரே செய்தியைக் கூறினும், அவை அனைத்தும் ஒரே மூலத்தைச் சார்ந்திருப்பின் சான்று ஒன்றே என்பதை மறத்தலாகாது.

1800இல் இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானனின் நூல் 1807இல் வெளிவந்தது. வேளாண்மை, குத்தகை, சாதி வழக்கங்கள் பற்றி அது தரும் செய்திகள் மதிப்புமிக்கன. எனினும் அவர் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டறிந்தவர். புதிதாக வென்ற நாட்டின் வளத்தை அறிய விரும்பிய அரசின் பணியாளர். வில்லியம் லோகனின் மலபார் கையேடும் (1887) மாவட்ட ஆட்சியர் ஒருவரின் பார்வையிலேயே எழுதப்பட்டது. இவற்றை ஒதுக்க வேண்டுவதில்லை. ஆசிரியரின் நிலையைச் சுட்டிப் பயன்படுத்துதல் வேண்டும்.

எண்களைக் கையாளுதல்

மொழிச் சிறுபான்மையினரின் கல்வி, நிருவாக உரிமைகள் மக்கள்தொகை விகிதத்தை ஒட்டியே பேசப்படுகின்றன. ஆகவே இங்குப் பிழையான எண் வாழும் மக்களையும் பாதிக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொழி பற்றிய வினா எப்பொழுதும் ஒன்றாக இருந்ததில்லை. 1891இல் பெற்றோர் மொழியும், 1901இல் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியும், 1951இல் தொட்டில் பருவம் முதல் பேசும் மொழியும் கேட்கப்பட்டன. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் ஒருவர் இவ்வினாக்களுக்கு வெவ்வேறு விடை தரக்கூடும். இவ்வெண்களை ஒரே அட்டவணையில் அடுக்கித் தமிழர் தொகை பெருகிற்று, குறைந்தது என முடிவு கூறுதல் பொருந்தாது.

1955இல் அறிக்கை அளித்த பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் இச்சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தமிழர் தொகையைக் கணக்கிடுகையில், தோட்டத் தொழிலாளரை நிலைகுடிகளாகக் கொள்வதா, வந்துபோவோராகக் கொள்வதா என்பது முதன்மையான வாதப் பொருளாயிற்று. எண்ணை இரு தரப்பும் அறிந்திருந்தன. அதன் பொருளிலேயே வேறுபட்டன. இறுதியில் அவ்விரு வட்டங்களும் கேரளத்தோடு இருந்தன.

ஊர்ப்பெயரும் வாய்மொழியும்

ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு எலப்புள்ளி போன்ற ஊர்ப்பெயர்களைத் தமிழ் என்றோ மலையாளம் என்றோ நிறுவ முயலுதல் எளிது. ஆனால் அது சான்றாகாது. கல்வெட்டு, ஓலை, நிலப்பதிவு ஆகியவற்றில் காணும் பழைய வடிவங்களைக் கால வரிசையில் தொகுத்த பின்னரே சொல்லாராய்ச்சி தொடங்க வேண்டும். ஆங்கிலப் பதிவுகளில் எழுத்துக்கூட்டல் மாறுபடுதலையும் கருத வேண்டும். வாய்மொழிச் செய்தியைத் தொகுப்போர் கூறியவரின் ஒப்புதல், நாள், இடம் ஆகியவற்றைப் பதிவு செய்து, அவர் சொன்னதையும் தம் விளக்கத்தையும் வேறுபிரித்துக் காட்டுதல் கடமையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், எல்லைப்புற ஊர் ஒன்றின் வரலாறு ஒரு மொழியிலோ ஒரு காப்பகத்திலோ அடங்குவதன்று என்பது புலனாகும். தமிழ் ஆய்வாளர் மலையாள ஆவணங்களையும், மலையாள ஆய்வாளர் தமிழ் ஆவணங்களையும் படித்தறிதல் இன்றியமையாதது. தாம் நேரில் கண்ட மூலத்தை மூலமாகவும், பிறர் நூல்வழி அறிந்ததை அந்நூல்வழிச் செய்தியாகவும் குறிக்கும் நேர்மை எல்லா ஆய்வேடுகளுக்கும் பொது. இணையத்தில் இன்று கிடைக்கும் பழைய நூல்களின் படிகளுக்கும் இது பொருந்தும். பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றைச் சரிபாராமல் அவற்றை எடுத்தாளுதல் கூடாது. தம் மொழிக்குச் சார்பான சான்றை எவ்வளவு கடுமையாகச் சோதிக்கிறாரோ, அவ்வளவே எல்லைப்புற ஆய்வாளரின் முடிவுகளை மறுதரப்பினரும் ஏற்பர்.