தங்கைக்காக 31 வருடங்கள்

முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை இன்றைக்கு தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் கேள்விப்படுவது ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில் இருக்கிறது. பாடப்புத்தகம் ஞாபகம் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்கும்: தேவதாசி முறை ஒழிப்பு, சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவர் ஆன முதல் பெண். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் அடையாறு கான்சர் இன்ஸ்டிடியூட்டை ஆரம்பித்தவர் என்பார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1923-ல் புற்றுநோயால் இறந்துபோன அவருடைய தங்கை. அக்காவைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இந்தத் தங்கை ஒரு வரியில் வந்துவிட்டுப் போய்விடுவார். "தங்கை புற்றுநோயால் இறந்ததால் மனம் நொந்து மருத்துவமனை தொடங்கினார்." அவ்வளவுதான். பல இடங்களில் பெயர்கூட இருக்காது, வெறும் "தங்கை".

இந்த ஒரு வரியில் ஒரு பெரிய இடைவெளி ஒளிந்திருக்கிறது. தங்கை இறந்தது 1923. ஆஸ்பத்திரி திறந்தது 1954. நடுவில் 31 வருடம்! ஏதோ துக்கத்தில் உடனே எடுத்த முடிவு மாதிரி நாம் வாசித்துவிட்டுப் போகிறோம். நானும் ஒரு டைம்லைன் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த வருடங்களின் கனம் புரிந்தது.

முதலில் 1923-ல் அந்த வீடு எப்படி இருந்தது என்று பார்ப்போம். முத்துலட்சுமி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் மகாராஜா தலையிட்டுத்தான் முத்துலட்சுமிக்கு இடம் கிடைத்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். அவர் எஃப்ஆர்சிஎஸ் படித்த அறுவை சிகிச்சை நிபுணர்.

அதாவது அக்கா டாக்டர், அத்தானும் டாக்டர். மாகாணத்தில் எந்தப் பெரிய டாக்டரையும் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய குடும்பம். இதற்கு மேல் ஒரு நோயாளிக்கு என்ன வேண்டும்? இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இவர்களுக்கு அறிவோ பணமோ குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. குறைவாக இருந்தது வேறு. புற்றுநோய்க்கென்று முழு வசதியோடு ஒரு ஆஸ்பத்திரி அன்றைக்கு இந்தியாவிலேயே கிடையாது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் கதிரியக்கத்துக்கான பர்னார்ட் இன்ஸ்டிடியூட் திறந்ததே 1934-ல்தான்.

புற்றுநோய் மாதிரி ஒரு நோயில் கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே நாளில் போய்விட்டால் அழுது தீர்த்துவிடலாம். மாதக்கணக்கில் ஒருவர் கண்ணெதிரே கரைவதைப் பார்ப்பது வேறு. அதிலும் பார்ப்பவர் டாக்டராக இருந்தால், அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

1925-ல் மேற்படிப்புக்காக முத்துலட்சுமி இங்கிலாந்து போகிறார். லண்டனில் புற்றுநோய்க்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இயங்குவதைப் பார்க்கிறார். இப்போது ராயல் மார்ஸ்டன் என்கிறோமே, அதுதான். தங்கை போய் இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. கப்பலில் போய்ச் சேர்கிற தூரத்தில், வேறொரு ஊரில், அந்த நோய்க்கு ஒரு கட்டிடமும் ஆட்களும் கருவிகளும் இருக்கிறது என்பதைப் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரி வேலையை ஆரம்பித்திருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை. சட்டசபைக்கு நியமிக்கப்படுகிறார், துணைத் தலைவர் ஆகிறார். தேவதாசி ஒழிப்பு, குழந்தைத் திருமணத் தடை என்று அடுத்தடுத்து வேலைகள். 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்து பதவியை ராஜினாமா செய்கிறார். அதே வருடம் அவ்வை இல்லம். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அங்கே பேசும்போது புற்றுநோய்க்கு ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்ற ஆசையைச் சொல்கிறார். 12 வருடத்துக்குப் பிறகும் அது மனசில் அப்படியே இருந்திருக்கிறது. ஆசையைச் சொல்லி இன்னும் 14 வருடம் கழித்து, 1949-ல்தான் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஆரம்பமாகிறது.

இதே காலத்தில் பம்பாயில் இன்னொரு சாவும் இன்னொரு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் இன்னும் தெளிவாகும்.

மெஹர்பாய் டாட்டா. ஜாம்ஷெட்ஜியின் மூத்த மகன் தோராப்ஜி டாட்டாவின் மனைவி. 1931 ஜூன் 18 அன்று ரத்தப் புற்றுநோயால் வேல்ஸில் இறந்தார். லண்டனுக்கு வெளியே புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். குழந்தைகள் கிடையாது. மனைவி போன மறு வருடமே, 1932-ல், தோராப்ஜி அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். எதற்கு? ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. உலகத்தில் எந்த நாட்டு விஞ்ஞானியும் உதவித்தொகை கேட்கலாம். தன் சொத்தையும் இன்னொரு அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அதே ஜூனில் அவரும் இறந்துபோனார். அந்தச் சொத்தில் மெஹர்பாய்க்கு அவர் வாங்கிக் கொடுத்த ஜூபிலி வைரமும் ஒன்று. 245 காரட், இப்போதுள்ள கோஹினூரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வைரத்தை விற்ற பணம் அறக்கட்டளைக்குப் போனது. அந்த அறக்கட்டளை கட்டியதுதான் 1941 பிப்ரவரியில் பரேலில் திறந்த டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரி.

தேடும்போது கிடைத்த ஒரு துணுக்கு: மெஹர்பாயின் பிறந்த வீட்டுப் பெயர் பாபா. அணு விஞ்ஞானி ஹோமி பாபாவுக்கு அவர் அத்தை முறை. டாட்டா மெமோரியல் 1962-ல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தபோது அந்தத் துறைக்குத் தலைவராக இருந்தவர் அதே ஹோமி பாபா. அத்தையின் சாவில் முளைத்த ஆஸ்பத்திரி மருமகன் கைக்கு வந்தது. இன்னொன்று: மெஹர்பாய் இறந்த தேதி ஜூன் 18. அடையாறு இன்ஸ்டிடியூட் இயங்க ஆரம்பித்ததும் 1954-ல் அதே ஜூன் 18. தற்செயல்தான், இதில் வேறு அர்த்தம் ஒன்றும் தேட வேண்டாம். ஆனால் பார்த்ததும் ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது.

பம்பாயில் வைரம் இருந்தது, பத்து வருடத்தில் ஆஸ்பத்திரி வந்தது. சென்னையில் அது இல்லை. 1950-களில் ஒரு அமைச்சரிடம் இந்தத் திட்டத்தைக் கொண்டு போனபோது, புற்றுநோய் வந்தவர்கள் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு தனி ஆஸ்பத்திரி என்கிற தொனியில் பதில் வந்ததாக டாக்டர் சாந்தா பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த அமைச்சர் மட்டும் அப்படி நினைக்கவில்லை, ஊரே அப்படித்தான் நினைத்தது. நம் வீடுகளில் வெகுகாலம் அந்தப் பெயரையே சொல்ல மாட்டார்கள். குரலைத் தாழ்த்தி "அந்த வியாதி" என்பார்கள்.

அப்படியும் நிதி சேர்ந்தது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பம். முத்துலட்சுமிக்கு அப்போது 67 வயது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பெடுத்தார். 1955 ஏப்ரலில் சாந்தா வந்து சேர்ந்தார். அரசு வேலை கிடைத்தும் போகாமல் வந்தவர். முதல் மூன்று வருடம் சம்பளம் கிடையாது, பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 12 படுக்கை இன்று ஐநூறைத் தாண்டிவிட்டது. வருகிறவர்களில் பெரும் பகுதியினருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வைத்தியம் நடக்கிறது.

இப்போது எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

மெஹர்பாயைப் பற்றிக் கேட்டால் நிறையச் சொல்லலாம். புடவை கட்டிக்கொண்டே டென்னிஸ் ஆடியவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் கலப்பு இரட்டையர் பட்டியலில் அவர் பெயர் உண்டு. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்காக வெளிநாட்டு மேடையிலும் பேசியவர். நோய் அவர் கதையில் கடைசி அத்தியாயம் மட்டும்தான். முத்துலட்சுமியின் தங்கைக்கு அப்படி இல்லை. நோய்தான் அவருடைய மொத்தக் கதையும். அவருக்கு என்ன பிடிக்கும், பாடுவாரா, அக்கா டாக்டருக்குப் படித்தபோது கேலி செய்தாரா, இதெல்லாம் அந்த ஒரு வரியில் இல்லை.

நீண்ட நோய் இப்படித்தான் ஒருவரை விழுங்கிவிடுகிறது. என் அத்தை ஆறு வருடம் புற்றுநோயோடு இருந்துதான் போனார். தெருவில் ஏலச்சீட்டு நடத்தியவர். இருபது பேர் கணக்கும் நோட்டு இல்லாமல் மனசிலேயே இருக்கும், ஒரு பைசா பிசகாது. நான் பார்த்த முதல் டேட்டாபேஸ் அவர்தான் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்றைக்கு சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் அவர் பேச்சு வந்தால், "பாவம், கான்சர்ல போனாங்களே" என்பதோடு முடிந்துவிடும். வீட்டில் மிச்சம் இருப்பதும் ஒரு தடித்த ரிப்போர்ட் ஃபைல்தான். 56 வருட வாழ்க்கையில் கடைசி 6 வருடம் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கு.

முத்துலட்சுமி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். தங்கைக்கு சிலை வைக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு தங்கை பெயரும் வைக்கவில்லை. 1923-ல் தங்கைக்கு எது கிடைக்கவில்லையோ, அதை ஊருக்கே கிடைக்க வைத்தார். இதுவும் ஒரு நினைவுச் சின்னம்தான். ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது. அடையாறில் இன்று டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளிக்கு அந்தத் தங்கையைத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆஸ்பத்திரி நின்றது, ஆள் மறைந்துவிட்டார்.

நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. வைரமும் இல்லை, 31 வருடம் ஒரே விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மன உறுதியும் எல்லோருக்கும் வராது. ஆனால் மறைந்துபோன அந்த ஆளைக் கொஞ்சம் மீட்க முடியும். உங்கள் வீட்டிலும் நீண்ட நாள் நோயில் கிடந்து போன ஒரு அம்மாவோ, சித்தியோ, அக்காவோ இருந்தால், அவரைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். என்ன நோய், எந்த டாக்டர் என்பதெல்லாம் ஃபைலில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு முந்தைய வருடங்களை எழுதுங்கள். எங்கள் அத்தையின் சீட்டுக் கணக்கில் இருந்து நான் ஆரம்பித்துவிட்டேன்.