பாலை மாசிபத்திரி: தனிப் பேரினமா, துணைப்பேரினமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்து லூமுட் நகரின் பெயரிலேயே ஒரு தாவரவியல் சிக்கல் இருக்கிறது. மலாய் மொழியில் ‘லூமுட்’ என்றால் பாசி. ஈரச் சுவரில் படர்வது, பாறையில் ஒட்டியிருப்பது, தேங்கிய நீரில் காலை வழுக்கிவிடுவது எல்லாம் அந்த ஒரே சொல்லில் அடங்கும். தமிழில் ‘பாசி’யும் அப்படித்தான். தாவரவியலிலோ இவை மாஸ், ஆல்கா, லைக்கன் என்று வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை. தோற்றம் பார்த்துப் பெயரிட நாட்டு வழக்குக்கு உரிமை உண்டு. வகைப்பாட்டியலுக்கு அந்த உரிமை இல்லை. பாலைவன மாசிபத்திரி விஷயத்தில் வகைப்பாட்டியலாரில் ஒரு சாரார் அந்த எல்லையை மீறினர் என்பதே என் வாதம்.

ஆர்ட்டிமீசியா பேரினம் நமக்கு அந்நியமானதல்ல. சித்த மருத்துவத்தின் மாசிபத்திரி ஆ. நீலகிரிகா, மாலையில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து ஆ. பாலென்ஸ், மலாய்க்காரர்கள் ‘பாரு சீனா’ என்று வளர்ப்பதும் இந்தப் பேரினத்துச் செடியே. இவற்றின் வறள்நில உறவுதான் பாலை மாசிபத்திரியான ஆ. ஹெர்பா-ஆல்பா. ஸ்பெயினின் அரகோன் பகுதித் தாவரங்களை ஆராய்ந்த இக்னாசியோ தெ அஸ்ஸோ 1779இல் இதை விவரித்தார். பெயருக்கு இலத்தீனில் ‘வெண்ணிறச் செடி’ என்று பொருள். அரபியர் ‘ஷீஹ்’ என்பர்.

பெரும்பாலும் 20 முதல் 40 செ.மீ. உயரமுள்ள பல்லாண்டுக் குறுஞ்செடி. அடி கட்டையாகி, அங்கிருந்து பல தண்டுகள் நெருக்கமாகக் கிளைக்கும். இலைகள் இறகு போல் மெல்லிய கீற்றுகளாகப் பிளந்திருக்கும். வெண்சாம்பல் நிறத்துக்குக் காரணம் அவற்றை மூடிய மென்மயிர். விரலால் கசக்கினால் கற்பூரம் கலந்த கார மணம் எழும். ஆனால் இனத்தை அறிய மணம் போதாது. சிறுமலர்கள் கூடிய பூந்தலையான சிரமஞ்சரியைப் பிரிக்க வேண்டும். காம்பில்லாமல், அடி குறுகிய நீள்வடிவில், சில மில்லிமீட்டர் அளவே இருக்கும் அதை ஊசி முனையால் திறந்தால், செதில்களுக்குள் 2 முதல் 5 வரை சிறுமலர்களே கிடைக்கும். அனைத்தும் இருபால் மலர்கள். மரிக்கொழுந்தின் சிரமஞ்சரியில் ஓரத்தில் பெண்மலர்களும் நடுவில் இருபால் மலர்களும் இருக்கும். பாலைச் செடியில் ஓரத்துப் பெண்மலர் என்பதே இல்லை.

விவாதம் முழுவதும் இந்த இன்மையில் இருந்து பிறந்தது. லின்னேயஸ் 1753இல் ஒன்றாக்கிய பேரினத்தை, 1829இல் பெஸ்ஸர் சிறுமலர்களின் பாலமைப்பு போன்ற மலர்ப் பண்புகளை வைத்து நான்காகப் பகுத்தார். ஓர மலர் இல்லாதவை செரிஃபிடியம் என்ற பிரிவாயின. பின்னர் சோவியத் தாவரவியலாளர் பொலியாகோவ் இதைத் தனிப் பேரினமாகவே நிறுத்தினார். அவரைப் பின்பற்றிய நூல்களில் நம் செடி ‘செரிஃபிடியம் ஹெர்பா-ஆல்பம்’ ஆனது. குடற்புழு மருந்தான சாண்டோனினைத் தந்த ஆ. சினாவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. செரிஃபிடியம் தெளிவான, இயற்கையான ஒரு கூட்டம். ஆனால் கூட்டமாக இருப்பது வேறு, பேரினமாக இருப்பது வேறு. வட அமெரிக்க வறள்நிலங்களின் ஆ. டிரைடென்டாட்டாவுக்கும் ஓரப் பெண்மலர் இல்லை. அதனால் அதையும் சிலர் செரிஃபிடியத்தில் சேர்த்தனர். டி.என்.ஏ. ஆய்வுகள் அந்த உறவை மறுத்தன. வாட்சனும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட மரபுவழி ஆய்வில் செரிஃபிடியம் ஆர்ட்டிமீசியாவுக்குள்ளேயே ஒரு கிளையாக அமைந்தது. ஓர மலரை இழப்பது ஒருமுறைக்கு மேல், தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பண்பின் மீது பேரினத்தைக் கட்ட முடியாது. செரிஃபிடியத்தைத் தனியே வெட்டியெடுத்தால் மீதமுள்ள ஆர்ட்டிமீசியா கிளை இழந்த மரமாகிவிடும். துணைப்பேரினம் என்ற தகுதியே அதற்குப் பொருந்தும்.

சிற்றின அளவில் குழப்பம் இன்னும் ஆழமானது. நெகேவ் பாலைவனத்தில் இச்செடி மழைக்காலப் பேரிலைகளைக் கோடையில் உதிர்த்துச் சிற்றிலைகளோடு நிற்பது பற்றிய ஆய்வுகள் ஆ. ஹெர்பா-ஆல்பா என்ற பெயரிலேயே வெளிவந்தன. நெகேவ் உள்ளிட்ட கிழக்குப் பகுதிச் செடிகள் ஆ. சீபெரி என்ற தனி இனம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்பது. ஆகவே பழைய கட்டுரையில் ‘ஹெர்பா-ஆல்பா’ என்று கண்டால், செடி எந்த நாட்டில் எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் அதன் வேதியியல் தரவை எடுத்தாளக் கூடாது.

மணத்தை நம்பவும் இயலாது. மரிக்கொழுந்து எண்ணெயின் முதன்மைப் பொருளான டவனோன், ஸ்பெயினின் சில ஹெர்பா-ஆல்பா செடிகளிலும் மிகுதியாக உண்டு. அதே இனத்தின் வேறு செடிகளில் தூஜோனும் கற்பூரமும் மேலோங்கும். ஒரே இனத்துக்குள் இவ்வளவு மாறும் எண்ணெய் உறவுக்குச் சாட்சியாகாது.

தமிழில் மூலிகை பற்றி எழுதுவோர் ‘மாசிபத்திரி’ என்ற பெயரோடு நிறுத்திவிட வேண்டாம். இரட்டைப் பெயரையும் அதைச் சூட்டியவர் பெயரையும் செடி எடுத்த இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். உலர்த்திய சிரமஞ்சரி ஒன்றையும் பாதுகாத்து வையுங்கள்.