இறையிலி முதல் கிசான் நிதி வரை

திருநீர்மலை, ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தாச்சு. இங்கே குடிவந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் கண் கல்வெட்டைத்தான் தேடும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'இறையிலி' என்ற சொல் அடிக்கடி வரும். வரி நீக்கிக் கொடுத்த நிலம் என்று பொருள். இன்றைய கணக்கில் அதுவும் ஒருவகை மானியம்தான். யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எவ்வளவு நிலம், நாலு பக்கமும் எல்லை எது என்று விவரமாக வெட்டியிருப்பார்கள். எல்லை தெரிந்த உள்ளூர்க்காரர் தப்பு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கியது. சொந்த நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேராக வங்கிக் கணக்குக்கு. நடுவில் ஆளே கிடையாது என்பதுதான் இதன் பெருமை.

2020 கொரோனா சமயத்தில் தமிழ்நாட்டில் அந்தப் பெருமை உடைந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று 13 மாவட்டங்களில் சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் போயிருந்ததாக அப்போதைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். அலுவலர்களின் லாகினும் பாஸ்வேர்டும் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தன. ஹேக்கர் யாரும் தேவைப்படவில்லை. பாஸ்வேர்ட் சரியா என்று பார்த்த சிஸ்டம், நிலம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. என் தொழிலில் இதற்குப் பெயர் டிசைன் கோளாறு.

எங்கள் சொந்த ஊரில் கூலி வேலைக்குப் போகும் ஒரு அக்கா சொன்னது: "கொரோனா பணம்னு சொல்லித்தான் ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கிட்டுப் போனாங்க தம்பி." வந்த பணத்தில் தரகருக்கும் பங்கு போனது. பிறகு முழுத் தொகையையும் திருப்பிக் கட்டியது அக்கா மட்டும்தான்.

இத்தனைக்கும் கிராமவாரியான பயனாளிகள் பட்டியல் இணையத்தில் இருந்தது. ஆனால் அதில் இருப்பது பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான். சர்வே எண் கிடையாது. பக்கத்து வயல்காரர் பார்த்தாலும் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

மானியம் பெறுபவர்களின் விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. நடைமுறையில் கேட்டால்தான் கிடைக்கிறது. 2020 ஜூலை வரை நாடு முழுக்க 20.48 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 1,364 கோடி ரூபாய் போயிருக்கிறது என்பது, ஒருவர் மனு போட்டுக் கேட்ட பிறகுதான் தெரியவந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள்!

அப்போ அந்தரங்கம்? நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் இது கோர்ட்டு வரை போனது. விவசாய மானியம் வாங்கும் தனிநபர்கள் எல்லோருடைய பெயரையும் பாகுபாடில்லாமல் வெளியிடுவது செல்லாது என்று 2010-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2013-ல் புதுச் சட்டம் வந்தது. சிறு தொகை வாங்குகிறவர்களின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்களின் பெயரை வெளியிட வழி செய்தார்கள்.

இங்கே எல்லோருக்கும் ஒரே 6,000 என்பதால் அந்த வழி அப்படியே பொருந்தாது. என் யோசனை எளிது. ஆதாரும் வங்கி எண்ணும் வெளியே வர வேண்டாம். பெயரோடு சர்வே எண்ணும் கொடுத்த தொகையும் இருந்தால் போதும். சர்வே எண் தெரிந்தால் நிலப் பதிவேட்டை ஏற்கனவே யாரும் இணையத்தில் பார்க்கலாம். அந்த அக்காவின் பெயருக்கு எதிரே சர்வே எண் கேட்டிருந்தால், முதல் தவணையே போயிருக்காது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப் பட்டியலை எடுத்து அடுத்த கிராம சபையில் சத்தமாக வாசியுங்கள். எந்தப் பெயருக்கு நிலம் இல்லை என்று ஊருக்குத் தெரியும்.